ஒழுகும் வாளிக்கு இரண்டு பேர்

இன்று காலை பஸ் பாஸைத் தேடிக் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். பாஸ் வரவில்லை, ஒரு ரப்பர் வாஷர் வந்தது. கறுப்பு நிறம், ஒரு பக்கம் நசுங்கிப் பிதுங்கிப் போனது. கோலியர்ஸ் வுட் பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி அதை மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றாள். அவளைக் குறை சொல்ல ஏலாது. பழைய பாண் ரொட்டியும் சீனிப்பாகும் சேர்ந்த அந்தப் புளித்த மணம் இன்னும் கொஞ்சம் அதில் மிச்சம் இருந்தது. ஆறு வருடமாக நம்முடைய ஞாயிற்றுக்கிழமைகள் அந்த மணத்தோடுதான் போயின.

இப்போது பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து இதை எழுதுகிறேன். ஸ்ட்ரெதமுக்குப் போகிறேன், உம்முடைய வீட்டுக்கு. டூட்டிங்கில் வழக்கம்போல ரோட்டைக் கிண்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் நகருவதாக இல்லை. உமக்குச் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. நீர் இருந்தபோது சொல்லத் துணிவு வரவில்லை, இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

நாம் சந்தித்ததே ஒழுக்கில்தான். என்னுடைய பழைய கார் நின்ற இடமெல்லாம் எண்ணெய் சொட்டிக்கொண்டு திரிந்த காலம். நீர் வேலை செய்த கராஜுக்குக் கொண்டுவந்தேன். நீர் காருக்கு அடியில் படுத்திருந்தீர், இரண்டு சப்பாத்து மட்டும்தான் தெரிந்தது. நான் சலிப்பில் தமிழில் ஏதோ திட்டினேன். அடியிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஐசே, காரைப் பேசாதையும். அது திருப்பிப் பேசினா நீர் தாங்கமாட்டீர்." அன்றிலிருந்து கடைசி வரை நான் உமக்கு ஐசே, நீரும் எனக்கு ஐசே.

பியர் காய்ச்சும் பெட்டியை உம்முடைய மகன் ஒரு கிறிஸ்மஸுக்கு வாங்கித் தந்தான். சாமியறை இருக்கிற வீட்டில் புளிக்கிற சாமான் வைக்க முடியாது என்று உம்முடைய மனைவி ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நீர் அந்தப் பெட்டியில் வந்த வெள்ளை வாளியைக் கட்டிப்பிடித்தபடி என் வாசலில் வந்து நின்றீர். "உம்மட வீட்டில சாமியும் இல்லை, மனிசியும் இல்லை. ஒரு மூலை தாரும்" என்றீர். ஒரு மூலைதான் கேட்டீர். நான் குசினி முழுவதையும் விட்டுக்கொடுத்தேன். இத்தனை வருடம் அந்தக் குசினியில் நான் ஒருவனுக்கு மட்டும் சோறு வடித்திருக்கிறேன், அதை வேறு எதற்கு வைத்திருப்பது?

வாளியில் பியர் இரண்டு வாரம் புளிக்கும். பிறகு போத்தலில் அடைக்க வேண்டும். வாளியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் டாப். அதில் ஒரு நீளக் குச்சிக் குழாயை மாட்டி, அதன் நுனியைப் போத்தலின் அடியில் அழுத்தினால் பியர் இறங்கும், எடுத்தால் நிற்கும். பெட்டியோடு வந்த புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. நம்முடைய வாளி புத்தகம் வாசிக்கவில்லை. சும்மா இருக்கும் மட்டும் ஒரு துளி வராது. போத்தலை வைத்து அழுத்தத் தொடங்கினால், டாப் வாளியோடு சேரும் இடத்தில் கசியும், மூன்றாம் நாலாம் போத்தலில் நூல்போல ஓடும். முதல்நாளே நீர் கடுப்பாகிவிட்டீர். அடுத்த முறை காய்ச்சுவதற்கு முன், வாளிக்கு உள்ளே இருந்த நட்டை உம்முடைய பெரிய ஸ்பனரால் இறுக்கினீர். "இனி ஒழுகினா நான் மெக்கானிக் இல்லை" என்றீர். அது முன்னையைவிடக் கூட ஒழுகியது. அதற்கு அடுத்த முறை இன்னும் இறுக்கினீர்.

கடைசியில் அந்த ஒழுக்குக்கு நாம் ஒரு முறையைக் கண்டுபிடித்தோம். நீர் நிலத்தில் மடித்த துவாய்மேல் முழங்காலில் நின்று, டாப்பின் அடியை இரண்டு விரலால் அழுத்திப் பிடிப்பீர். நான் ஸ்டூலில் இருந்து போத்தல் மாற்றுவேன். சீனி அரைக் கரண்டி, போத்தல், மூடி, அடுத்தது. நாற்பது போத்தலுக்கு மூன்று மணித்தியாலம். முடிந்ததும் நீர் ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஐசே, கை தாரும்" என்பீர். கராஜில் தேய்ந்த வலது முழங்கால் நிமிர மறுக்கும். உம்மைத் தூக்கிவிடுவேன். காற்சட்டை தொடைவரை நனைந்திருக்கும். பிறகு டூட்டிங் கடையில் வாங்கிய ரோல்ஸைத் தின்றுகொண்டு போன தடவைப் பியரைக் குடித்துப் பார்ப்போம். காற்றுப்பட்ட பியர், நனைந்த காட்போட் பெட்டி மாதிரி ஒரு ருசி. நீர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "குடிக்கலாம்" என்பீர். அதற்குமேல் எந்தப் பியரையும் நீர் புகழ்ந்தது கிடையாது.

அந்த மூன்று மணித்தியாலத்தில் நாம் பேசியதை வேறு எங்கேயும் பேசியிருக்க மாட்டோம். உம்முடைய கண் டாப்பில், என்னுடைய கண் போத்தலில். முகம் பார்க்காமல் பேசுவது எவ்வளவு இலகு என்று அப்போதுதான் தெரிந்தது. மகன் யூனிவர்சிட்டிக்குப் போன அன்று கராஜ் டொய்லெட்டுக்குள் நின்று அழுததைச் சொன்னீர். என்னைக் கட்டுவதாக இருந்தவள் கனடா விசா வந்ததும் கடிதத்தை நிறுத்திக்கொண்டதை நான் சொன்னேன். நீர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "போத்தல் நிரம்பிட்டுது, மாத்தும்" என்றீர். அது எனக்குப் போதுமாக இருந்தது.

இனி நான் சொல்ல வந்தது.

இரண்டாம் வருடம், ஈஸ்ட் முடிந்துபோய், காய்ச்சுகிற சாமான் விற்கும் கடைக்குத் தனியாகப் போயிருந்தேன். அங்கே நின்ற மனிதரிடம் ஒழுக்கைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார். ஸ்பனரால் இறுக்குகிறீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். அதுதான் பிழை, இறுக்க இறுக்க ரப்பர் பிதுங்கி வழி விடும், புது வாஷர் ஒன்றைப் போட்டுக் கையால் மட்டும் இறுக்கினால் ஒரு துளி வராது என்றார். வாஷரையும் தந்தார். உமக்குச் சொல்ல வேண்டும் என்று ஓடாத குறையாக வந்தேன். நீர் ரோல்ஸ் பையோடு வாசலில் நின்றீர். படி ஏறும்போதே முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னீர்: "உந்தச் சனியன் ஒழுகாட்டி, ஒரு அரைமணித்தியாலத்தில முடிச்சுப்போட்டு நான் வீட்டை போயிடுவன்."

பகிடிக்குத்தான் சொன்னீர். ஆனால் எனக்கு அந்த அரைமணித்தியாலம் காதில் விழுந்துவிட்டது. வாஷரைக் குசினி மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். அன்றும் நீர் முழங்காலில் நின்றீர். அதற்குப் பிறகு நாலு வருடம் நின்றீர். ஒவ்வொரு முறையும் கைகொடுத்துத் தூக்கிவிட்டவன் நான்தான், உம்மை நிலத்தில் இருத்தியவனும் நான்தான். சும்மா வாரும் என்று கூப்பிட எனக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் ஆரும் ஆரிடமும் சும்மா போவதில்லை. ஒரு காரணம் வேண்டியிருந்தது. உம்முடைய முழங்காலைக் கொடுத்து அந்தக் காரணத்தை வைத்திருந்தேன்.

நீர் எங்களை விட்டுப் போன அந்தச் செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் போகும் வழியில் காரை ஓரமாக எடுத்து, ஹான்ட்பிரேக் போட்டு, நாலு சிக்னலையும் எரியவிட்டுத்தான் போயிருக்கிறீர். பின்னால் வந்தவனுக்கு ஒரு தொந்தரவும் இல்லையாம். அந்த ஞாயிறு நாம் போத்தல் அடைப்பதாக இருந்தோம். வாளி என் குசினியில் இருந்தது.

இங்கே எட்டுச் செலவு எட்டாம் நாள் வருவதில்லை, உமக்குத் தெரியாததில்லை. பேப்பர் வேலை முடிந்து, தகனம் முடிந்து, அதற்குப் பிறகுதான் நாள் பார்த்தார்கள். செத்தவருக்குப் பிடித்த மச்சம், மாமிசம், குடி எல்லாம் படைக்கிறது அந்த ஒரு நாள்தான். பிறகு வருகிற அந்தியேட்டி, திவசம் எல்லாம் சைவம். அன்றைக்கு உம்முடைய படத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கடை டின் பியரை வைத்துவிடுவார்கள். டின் பியரைத் தகரம் கழுவின தண்ணி என்று சொன்னவர் நீர். உம்முடைய கையால் காய்ச்சிய கடைசிப் பியர் ஒரு போத்தலாவது அங்கே இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. போத்தலுக்குள் காஸ் ஏற இரண்டு வாரம் வேண்டும். அந்த ஞாயிறே அடைத்தால்தான் உண்டு.

தனியாகத் தொடங்கினேன். மூன்றாம் போத்தலில் ஒழுக்கு வந்தது. முழங்காலில் நின்று ஒரு கையால் டாப்பைப் பொத்திக்கொண்டு மற்றக் கையால் போத்தலை மாற்றப் பார்த்தேன். போத்தல் சரிந்தது. இன்னொன்றை வைப்பதற்குள் விரல் விலகியது. பியர் ஃபிரிட்ஜுக்கு அடியில் ஓடியது. நீர் போட்டுவைத்த துவாய் ஊறி, என்னுடைய காற்சட்டையும் தொடைவரை நனைந்தது. அந்த நிலம் எவ்வளவு குளிர் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆறு வருடம் நான் ஸ்டூலில் அல்லவா இருந்தேன்.

பிறகு எழும்பி, வாஷர் கிடந்த லாச்சியைத் திறந்தேன். கோயில் சமையலுக்கு வாங்கின பெரிய பானையைக் கொதிதண்ணீரில் கழுவி, மிச்சப் பியரை ரப்பர்க் குழாயால் அதற்குள் இறக்கினேன். வாளிக்குள் கையை விட்டால் நட் அசையவில்லை. கடைசியாக அதை இறுக்கியது உம்முடைய கை. உம்முடைய ஸ்பனராலேயே அதைக் கழற்ற வேண்டியிருந்தது. அந்த ஒரு சுற்றுக்கு நான் பட்ட பாட்டை இங்கே எழுத ஏலாது. பழைய வாஷரை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டேன், புதியதை வைத்தேன், கையால் மட்டும் இறுக்கினேன். பியரை நுரைக்காமல் அதே குழாயால் வாளிக்குள் திருப்பி இறக்கி ஒவ்வொரு போத்தலாக அடைத்தேன். ஒரு துளி ஒழுகவில்லை. இருபத்தெட்டுப் போத்தல், அரைமணித்தியாலம். நீர் சொன்ன அதே அரைமணித்தியாலம். நிலம் மெதுவாகக் காய்ந்தது. நான் பழக்கத்தில் வாங்கிவந்த நாலு ரோல்ஸை மேசையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

எட்டுச் செலவன்று போத்தலைத் துணியால் சுற்றிக் கொண்டுபோனேன். உம்முடைய படத்துக்கு முன்னால் இறால் பொரியல், ஆட்டிறைச்சி, புட்டு, பக்கத்தில் மகன் வாங்கிய டின். உம்முடைய மனைவி என் கையைப் பார்த்தார்.

"அண்ணை, உது அவர் காய்ச்சினதோ?"

"ஓம் தங்கச்சி."

டின்னை எடுத்து ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் போத்தலை வைத்தார். மூடியைத் திறந்தேன், நுரை நன்றாக எழும்பியது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் மெல்லச் சொன்னார்: "ஒவ்வொரு முறையும் நனைஞ்ச காற்சட்டையோடதான் வருவார். பெரிய மெக்கானிக் எண்டுறியள், உந்த டாப்பைத் திருத்தத் தெரியாதோ எண்டு கேப்பன். அது ரெண்டு நிமிச வேலையப்பா, திருத்தினா பிறகு அந்த மனிசன் என்னை என்னத்துக்குக் கூப்பிடப்போகுது எண்டுவார்."

முப்பது வருடம் ரப்பர் வாஷரோடு சீவித்த மனிதருக்கு, இறுக்கினால் ரப்பர் பிதுங்கும் என்று தெரியாதா? என் மூளைக்கு ஏன் அது ஓடவில்லை? உம்மில் கோபம்தான் முதலில் வந்தது ஐசே. எல்லாம் தெரிந்துகொண்டு முழங்காலில் நின்றீரே. நான் வாயைத் திறந்திருந்தால் நாம் இரண்டு பேரும் ஸ்டூலில் இருந்து அதே கதையைக் கதைத்திருக்கலாம். நீர் வாயைத் திறந்திருந்தாலும் அப்படித்தான். இரண்டு கிழட்டு மனிசர், ஆளுக்கொரு பக்கம் அதே ஒழுக்கைப் பொத்திவைத்திருக்கிறோம்.

படைத்த போத்தலை உம்முடைய மனைவி கழுவித் துடைத்து என்னிடம் திருப்பித் தந்தார். கழுவின போத்தல் வந்தால்தான் அடுத்த போத்தல் என்பது நீர் போட்ட சட்டமல்லவா? அது இப்போது என் யன்னலில் நிற்கிறது. மற்ற இருபத்தேழும் அலுமாரிக்குள் அப்படியே இருக்கின்றன. ஒன்றைத் திறந்து குடித்துப் பார்த்தால் நல்லாக இருக்கும் என்று தெரியும், காற்றுப் படாத முதல் பியர் அது. "குடிக்கலாம்" என்று சொல்ல ஆள் இல்லாமல் திறக்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குசினிக்குள் போகவே எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று உம்முடைய மனைவி போன் எடுத்தார். "அண்ணை, சிங்க் டாப் ஒழுகுது. மகனுக்கு நேரமில்லை. நீங்கள் ஒருக்கா வந்து பாக்கேலுமோ?" என்றார். இது இரண்டாம் தடவை. போன மாதமும் இப்படித்தான் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் டாப்பில் ஒரு பிழையும் இல்லை, ஆரோ சரியாக மூடவில்லை. உம்முடைய மருமகள் இறால் குழம்போடு சாப்பாடு போட்டாள். நான் ஒழுக்கு நின்றுவிட்டது என்று சொல்லி, சாப்பிட்ட கையோடு எழும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் விளங்கியது, அந்த வீட்டில் ஒழுகியது டாப் இல்லை என்று.

பஸ் ஸ்ட்ரெதம் வந்துவிட்டது. உம்முடைய ஸ்பனர் தோள்பையில் இருக்கிறது, நசுங்கின வாஷர் கோட்டுப் பையில். டாப் ஒழுகினால் திருத்துவேன், இரண்டு நிமிட வேலையை இரண்டு நிமிடத்தில் முடிப்பேன். முடித்துவிட்டு எழும்ப மாட்டேன். "தங்கச்சி, ஒழுக்கு நிண்டிட்டுது. நான் சும்மா கொஞ்சநேரம் இருந்திட்டுப் போகட்டோ?" என்று கேட்கப் போகிறேன். ஆறு வருடமாக உம்மிடம் கேட்காமல் விட்டதை.