விடுதிக்காரனின் இருமல்

லான்ஸ்,
12 மார்ச் 1961

தம்பி ஜெர்மேனுக்கு,

நீ நலமா என்று கேட்க இன்று எனக்கு மனமில்லை. பத்திரிகை அட்டையில் பார்த்தேன்; நன்றாகத்தான் இருக்கிறாய்.

உன் புதுப்படம் போன மாதம் இங்கே வந்தது. அப்பா கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சுரங்கத்தில் தன்னோடு வேலை பார்த்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போனார். "எம் பையன் நடிச்ச படம், முன்வரிசையிலதான் உக்காரணும்" என்றார்.

திரையில் நீ பொய் சொல்லும் விடுதிக்காரன். ஒவ்வொரு பொய்க்கும் ஓர் இருமல். முதலில் சின்னதாக இரண்டு, பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஒன்று, கடைசியில் கைக்குட்டையை எட்டிப் பார்த்துவிட்டு அவசரமாக மடிப்பது. கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டாம் முறை நீ இருமியபோது, பக்கத்தில் இருந்த அவருடைய சுரங்கக் கூட்டாளி மர்சோ சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும், "பய நல்லா கவனிச்சிருக்கான்" என்று மட்டும் சொன்னார்.

அப்பா இருமிவிட்டுத் தன் கைக்குட்டையில் எதைப் பார்க்கிறார் என்று உனக்குத் தெரியாதா? கரித்தூசியும் ரத்தமும் கலந்த அதை அம்மாவுக்குப் பிறகு நான்தான் துவைக்கிறேன். லீல் நகரில் நீ முதன்முதல் மேடையேறியபோது, உன் வசனம் கெடக்கூடாது என்று தெருவுக்கு ஓடிப்போய் இருமிவிட்டு வந்த மனிதர் அவர். பிறகு பாரிஸ் மேடை, அப்புறம் சினிமா. உனக்குக் கிடைத்த ஒவ்வொரு வேஷத்தையும் தெரு முழுக்கச் சொன்னவரும் அவரே. அந்த இருமலை எங்கே பிடித்தீர்கள் என்று பத்திரிகைக்காரன் கேட்டதற்கு, மதுக்கடையில் பார்த்த யாரோ ஒரு கிழவனிடம் என்றாயாமே. சொல்ல உனக்கு வாய் கூசவில்லையா?

இப்போது அவர் ஆட்கள் முன்னால் இருமுவதில்லை. ரொட்டிக்கடை வாசலில் வாலிபர்கள் உன்னைப் போல இருமிக் காட்டுகிறார்கள். அவர் சீட்டாடப் போவதையும் விட்டுவிட்டார்.

சென்ற வியாழக்கிழமை மர்சோவின் மனைவியை அடக்கம் செய்தோம். தேவாலயத்தில் அப்பா இருமலை அடக்கி அடக்கி, முகம் நீலம் பாரித்து, பெஞ்சுகளுக்கு நடுவே விழுந்துவிட்டார். "இருமினாத்தான மூச்சு வரும், ஏன் பெரியவரே இப்படி அடக்குறீங்க?" என்று டாக்டர் சத்தம் போட்டார். அப்பா சொன்னார்: "நான் இருமினா எல்லாருக்கும் அந்தப் படம் ஞாபகம் வந்துரும். சாவுல வந்து சிரிக்க வைக்கலாமா?"

கோடை வரை தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் என்னிடம் தனியே சொன்னார்.

நான் இதை எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால், "அவனுக்கு ஒத்திகை இருக்கும், தொந்தரவு பண்ணாத" என்பார். ஒத்திகையைப் போட்டுவிட்டு வா. மற்றவர்கள் முன்னால் அடக்குவதைவிட உன் முன்னால்தான் அவர் அதிகமாக அடக்குவார். முதுகில் கையை வைத்து, இருமச் சொல். அந்த நேரத்தில் மட்டும் அவர் முகத்தைப் பார்க்காதே.

கடவுள் உனக்கு நீண்ட மூச்சைத் தரட்டும்.

உன் அக்கா,
ஒதெத்