அறக்குளாவின் நான்கு அறைகள்

சுருவில்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மேரிஜோசப்பினுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கு அப்பா, நான், தங்கச்சி, ஆறு கோழிகள் எல்லோரும் சுகம், கண்டிக் குளிரில் உம்முடைய சுகம் எப்படி? முதலில் ஒரு முக்கிய அறிவித்தல். செவ்வாய் காலை ஏழரை மணிக்கு எங்கள் சிவத்தப் பேட்டுக்கோழி உம்முடைய அலுமாரிக்குள் முட்டையிட்டது. முட்டை நலம், நீலச் சீலை நலமில்லை என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருகிறோம்.

பெற்ற தாயை மகள் என்று எழுத இவனுக்கு என்ன கொழுப்பு என்று நினைப்பீர். முன்பு நான் யாழ்ப்பாண விடுதியை விட்டு ஓடிவரப் பார்த்தபோது, முடிக்காமல் வந்து படலையைத் திறக்காதே என்று எனக்கு எழுதியது யார்? இப்போது ஓடப் பார்ப்பவர் நீர், ஆகவே நான் தாய், நீர் பிள்ளை. அப்பாவிடம் போனில் சொன்னதெல்லாம் கேட்டேன். சமயம் படிப்பித்த உம்மை, ஆளில்லை என்று விஞ்ஞானத்துக்கு மாற்றி, மனித உடல் படிப்பிக்கும் பயிற்சிக்கு அனுப்பினார்கள், அங்கே ஆட்டிதயத்தை வெட்டச் சொன்னபோது கை நடுங்கிக் கத்தி விழுந்தது, இளம் ரீச்சர்மார் சிரித்தார்கள், "எனக்கு ஏலாது, வாற சனி பஸ் ஏறிறன்" என்றீராம். ஏலும். அப்பா கொண்டுவரும் திருக்கையை முழுசாக அறுக்கிற கை அது. சிரித்தவர்களிடமே போய், எங்கே பிடிக்கிறது, எங்கே வெட்டுறது என்று கேளும். நீர் பாதியில் வந்தால் எட்டாம் வகுப்புக்கு இந்த வருசமும் விஞ்ஞானம் இல்லை, எங்கள் தங்கச்சி அன்ரனிட்டாவும் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள்.

என்னைப் பாரும், நான் நடுங்கவில்லை. உம்முடைய பள்ளிக்கூட அதிபர், "சோதினை முடிஞ்சு சும்மாதானே நிக்கிறாய், அம்மா வருமட்டும் பிள்ளையளைப் பார்" என்றார். நான் பார்ப்பதோடு நிற்கிற ஆளா, இதயத்தையே படிப்பித்தேன். தவக்காலத்தில் ஆட்டிறைச்சி வீட்டுப் படி ஏறாது என்று அப்பா மறித்ததால், வலையில் பட்ட பெரிய அறக்குளா மீனின் இதயத்தைக் கொண்டுபோய், நெட்டாக ஒரு வெட்டு, குறுக்காக ஒரு வெட்டு. அறக்குளாவுக்குள்ளே, புத்தகத்தில் உள்ளபடியே, நான்கு அறை! இருபத்திரண்டு பேரும் கொப்பியில் வரைந்து நிறமும் தீட்டினார்கள். அதிபர் என்னைக் குட்டி சேர் என்கிறார்.

போனில் சொன்னால் நீர் அழுவீர், பிறகு நானும் அழவேண்டிவரும், அதனால்தான் கண்டிக்கு வரும் அம்புறோஸ் மாமாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு படும். அந்தோனியார் உம்முடைய கைக்குத் தைரியம் தரட்டும். சனிக்கிழமை படலை பூட்டியிருக்கும், மறக்கவேண்டாம்.

இப்படிக்கு,
உம்முடைய தற்காலிகத் தாய்,
ஜெனிஸ்ரன்

பி.கு.: அம்மா, கடிதத்தை ஒட்டப் போனேன், மனம் விடவில்லை. நேற்றுத்தான் உங்களுடைய புத்தகத்தை ஒழுங்காக வாசித்தேன். மீனின் இதயத்துக்கு இரண்டு அறைதானாம். நான்காக்கியது என் கத்தி. அன்ரனிட்டா தன் படத்தைக் குசினிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள், பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. நாளைக்கு வகுப்பில் பிழை என்று நானே சொல்லிவிடுவேன். ஆனால் சரியானதை வெட்டிக் காட்ட எனக்குத் தெரியாது. நீங்கள் படிச்சுக்கொண்டு வாங்கோ.