இவர் பேசாமல் இருந்த நாட்கள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். காற்றே இல்லை. ரிசல்ட் வியாழக்கிழமை.

இவர் தொண்டையிலிருந்த கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். புண் ஆறும்வரை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. காசிமேட்டில் மீன் ஏலம் கூவுகிற மனுஷனுக்கு இப்படி ஓர் உத்தரவு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் மீனோடு வருகிற நேரம். இவர் பாயில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. தண்ணீர் வேண்டுமென்றால் கை தட்டல்.

மருந்துக்கடை வேலையில் மனம் நிற்கவில்லை. ஓர் அம்மாவுக்கு சுகர் மாத்திரைக்குப் பதில் பிரஷர் மாத்திரை எடுத்துவிட்டேன். நல்லவேளை, அவரே பார்த்தார். "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா? வேற அட்டைய குட்க்கிறியே." மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தேன். வியாழன் லீவு கேட்டதற்கு முதலாளி தலையாட்டினார்.

ஜூலை 9, புதன்

மாலையில் மழை. துணி நனைந்தது.

திருவொற்றியூரிலிருந்து இவர் தங்கை ஸ்டெல்லா வந்தாள். காரம் ஆகாது என்று தெரிந்தும் நெத்திலிக் கருவாடு. "அவுருக்கு இல்ல அண்ணி, உனுக்கு." அண்ணனைப் பார்த்ததும் பேச்சு மாறிவிட்டது. "அண்ணே, நீ சத்தம் போடாம கீறத பாத்தா யார் வூட்டுக்கோ வந்த மாரி கீதுண்ணே." சொல்லிவிட்டு அழுகை. இவர் எழுந்து, அவள் புருஷன் குடை பிடித்து நடக்கிற மாதிரி நடந்து காட்டினார். அழுதுகொண்டே சிரித்தாள்.

அவள் போனபிறகு ஜெனி சமையல்கட்டுக்கு வந்தாள். காலேஜ் பையைக்கூடக் கழற்றவில்லை.

"ம்மா, கேன்சர்னு சொல்ட்டா இன்னா பண்றது?"

"வைத்தியம் பாக்கறது. வேற இன்னா?"

தைரியமாகத்தான் சொன்னேன். இவர் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். உள்ளே வந்து ஜெனி தலையில் கை வைத்தார். பிறகு போனில் டைப் பண்ணி எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார்: "ரெண்டு பேரும் மொதல்ல சாப்டுங்க."

சாப்பிட்டோம். என்ன சாப்பிட்டேன் என்று இப்போது ஞாபகமில்லை.

ஜூலை 10, வியாழன்

கேன்சர் இல்லை.

எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. கேன்சர் இல்லை.

டாக்டர் சின்னப் பெண். "வருஷக்கணக்கா கத்தினதால வந்த கட்டி. அவ்வளவுதான். முழுசா எடுத்தாச்சு" என்றார். நான் திரும்பத் திரும்ப அதையே கேட்டேன். அவர் கோபப்படாமல் திரும்பத் திரும்பச் சொன்னார். இவர் ஏதோ சொல்ல வாயைத் திறக்க, டாக்டர், நான், ஜெனி மூவரும் ஒரே குரலில், "பேசாதீங்க." இவர் கைகூப்பினார். தோள் குலுங்கியது. கல்யாணமானதிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததில்லை.

வெளியே பெஞ்சில் ஓர் அக்கா. வியாசர்பாடியாம். மகனுக்கு ரிசல்ட் வாங்க வந்திருக்கிறாள். "உங்களுக்கு இன்னா சொன்னாங்க?" என்றாள். நல்ல விதமாகச் சொன்னார்கள் என்றேன். அவள் என் கையைப் பிடித்து, "எங்களுக்கும் அப்டியே வரட்டும்" என்றாள். அவளைக் கூப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனவள் வருவதற்குள், கூட்டமாக நிற்கக்கூடாது என்று வாட்ச்மேன் எங்களை அனுப்பிவிட்டார். அவள் பெயர்கூடக் கேட்கவில்லை.

கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தபிறகுதான் சிரித்தோம்.

நேரே மாதா கோயில். மெழுகுவத்தி. வழக்கமாக ஜெபமாலையில் இவர் குரல்தான் முன்னால் போகும். இன்று நானும் ஜெனியும் சொன்னோம். இவர் உதடு அசைய ஆரம்பித்தது. "அப்பா, அதுவும் கூடாது" என்று ஜெனி முறைத்தாள். மாதாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். வீடு முழுக்க ஆள்.

இவர் தோஸ்து மணி ஒரு முழு வஞ்சிரத்தோடு வந்தார். "மாமு, ஒன் எடத்துல ஒருத்தன் ஏலம் வுட்றான். கூவுறானா கொட்டாவி வுட்றானான்னே தெர்ல. சீக்கிரம் வா." சொல்லிவிட்டு, "இல்ல, மெதுவாவே வா. நீ கீறியே, அது போதும்" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்டெல்லா மீன் வறுத்தாள். இவருக்குக் காரமில்லாமல் தனியாக.

நாங்கள் மீன் கொடுத்தனுப்பிய வீடுகள்: கீழ்வீட்டு லட்சுமி (அம்மனுக்கு வேண்டிக்கொண்டாளாம், இன்றுதான் சொன்னாள்), எதிர்வீட்டு பாத்திமா அக்கா (கஞ்சி கொடுத்தனுப்பிய தூக்கு இன்னும் நம்மிடம்), முதலாளி வீடு. கடைசியில் எனக்கு வால் துண்டு. இவர் தன் தட்டிலிருந்து நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். நான் திருப்பி வைத்தேன். மறுபடி வைத்தார். ஜெனி எடுத்துச் சாப்பிட்டுவிட்டாள்.

ஜூலை 14, திங்கள்

இன்று மறுபடி ஆஸ்பத்திரி. பெஞ்சில் அந்த வியாசர்பாடி அக்காவைத் தேடினேன். இல்லை.

காத்திருக்கும்போது ஜெனி, "அப்பா வாயத் தொறந்தா மொதல்ல என்னத்தான் திட்டப் போறாரு, பாரேன்" என்றாள். மாதா பெயரைச் சொல்வார் என்று நான் நினைத்தேன்.

டாக்டர் கண்ணாடி வைத்துத் தொண்டையைப் பார்த்தார். ஆறிவிட்டதாம். இனி ஏலமெல்லாம் மைக்கில்தான், கத்தக்கூடாதாம். "இப்ப மெதுவா ஏதாவது பேசுங்க."

இவர் தொண்டையைக் கனைக்கப் போனார். அதுவும் கூடாது என்றார் டாக்டர். இவர் என் பக்கம் திரும்பினார். சின்னக் குரல். கொஞ்சம் கரகரப்பு. யாருடைய குரலோ மாதிரி.

"நீ ஏம்மே இப்டி எளச்சிப் பூட்டே?"

டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டே, "நல்லா இருக்கு, போதும்" என்றார். ஜெனி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"வா, பஸ்ஸு பூடும்" என்றேன்.