மூக்கம்மா வீட்டுக்குப் போன தூக்குப்போணி

1983 மார்ச் 14, திங்கள்

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எஸ்டேட் லயமே, அந்த வரிசை வீடுகள் மொத்தமும், சாப்பிட்டுவிட்டது. முதல் நாள் கஞ்சியையே அடிபிடிக்க விட்டுவிட்டேன். அரிசி வேகிற நேரத்துக்குக்கூட வாயை மூடத் தெரியவில்லை எனக்கு.

மழையில்லாமல் தேயிலை கருகி எஸ்டேட்டில் வேலை நின்றுவிட்டது. லயத்துக்காரர்களுக்குக் கஞ்சி ஊற்றச் சொல்லி குன்னூர் வியாபாரிகள் அரிசி மூட்டை இறக்கியிருக்கிறார்கள். என்னை ஏன் பிடித்தார்கள்? என் டீக்கடையில் பெரிய அண்டா இருக்கிறதே, அதற்காக. என் கைப்பக்குவத்துக்காக இல்லை.

சாந்தாமணி ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். “ஏனுங்க, பசியே பரவால்லைன்னு சொல்ல வெச்சிருவீங்களாட்ட இருக்குது” என்றாள். கட்டியவள் சொல்கிற பேச்சு!

மார்ச் 16

கடைசி லயத்து மூக்கம்மா அக்கா வரவே இல்லை. இலங்கையில் கண்டித் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர், தனிக்கட்டை. வரிசையில் நிற்க மாட்டாராம். மகாராணி வராவிட்டால் அரண்மனைக்கே அனுப்புவோம் என்று என் தூக்குப்போணியில் ஊற்றி எடுத்துப் போனேன்.

“தம்பி மொகத்துக்காக வாங்கிக்கிறேன்” என்றார்.

என் முகத்துக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்த முதல் மரியாதை.

மார்ச் 17

தூக்கு திரும்பி வந்தது. உள்ளே ஒரு கை ராகி. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிறவர்கள் நம்மில் யார்?

“நாளைக்கு நெய் வையுங்கக்கா” என்றேன்.

“ஒன்னோட கஞ்சிக்கு ராகியே கூடுதல்” என்றார். நன்றாக வேண்டும் எனக்கு.

மார்ச் 20

இன்று புளி.

மார்ச் 23

தூக்குக்குள் காகிதத்தில் மடித்த சோப்பு. பாதி தேய்ந்தது! சாந்தாமணியிடம் காட்டிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அந்தக்கா ஊட்டுக்குள்ள போய்ப் பாத்தீங்களா?”

சாயங்காலம் போனேன். டப்பா எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. ராகி டப்பா, புளிச் சட்டி, எல்லாமே. அடுப்பில் பழைய சாம்பல்.

நான் கஞ்சி கொடுத்த லட்சணம் இதுதானா? தினமும் தூக்கைக் கொண்டுபோய் அந்த வீட்டையே வழித்து எடுத்து வந்திருக்கிறேன். அட மடையா, ராகி வந்தப்பவே தெரிய வேண்டாமா? இளிச்சுக்கிட்டுல்ல நின்னே—

மார்ச் 24

தூக்கோடு போனேன். வாங்கவில்லை.

“பசியில்ல தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டேன்.”

எந்த அடுப்பில் போட்ட தேத்தண்ணி? கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். இனி தூக்கில் வைத்துத் தர ஒன்றும் இல்லை, அதனால் வாங்க மாட்டார். ராகியைத் திருப்பிக் கொடுத்தால் என் முகத்திலேயே எறிவார்.

மார்ச் 25

இன்றும் வாங்கவில்லை. தூக்கை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

மார்ச் 26

விடியும்போது ஒன்று தோன்றியது. தூக்கு என்னுடையது, அதனால்தானே நிரப்பித் தர வேண்டியிருக்கிறது? போய் லயத்து வாசலில் நின்று கத்தினேன்.

“அக்கா! உங்க சோப்பால என் தூக்கே கெட்டுப் போச்சு! கஞ்சி நொரைக்குது! இனி உங்க பாத்திரத்தக் கொண்டாந்துதான் வாங்கோணும்!”

லயமே சிரித்தது. அக்கா எட்டிப் பார்த்தார். “நல்ல சோப்பு அது. மொதல்ல ஒன் வாயக் கழுவு.”

பிறகு குரலைத் தாழ்த்தி, “என் பாத்திரம்னா ஒண்ணும் வெச்சுத் தர வேணாம்தானே?” என்றார்.

“யாருக்குத் தருவீங்க? உங்களுக்கேவா?”

உள்ளே போனார். வெளியே வந்தபோது கையில் ஒரு குண்டான். பத்துப் பேருக்குச் சோறாக்குகிற குண்டான்! வெட்கப்படுகிறவர் தூக்கி வருகிற அளவா அது? வரிசையில் எனக்கு நேர் எதிரே வந்து நின்றார். அண்டாவை மட்டும் பார்த்து ஊற்றினேன். குண்டானின் அடியில் கொஞ்சம்தான் வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 2

அக்கா இன்று கஞ்சியில் உப்பில்லை என்றார். நேற்றும் சொன்னார். உடம்பு தேறிவிட்டது.

ஏப்ரல் 19

மத்தியானத்திலிருந்து நல்ல மழை. தார்ப்பாய்க்குக் கீழே அடுப்பு மூட்டிக் கஞ்சி ஊற்றினோம். மூக்கம்மா அக்கா அங்கேயே நின்று குடித்து முடித்தார். குண்டானை மறுபடி நீட்டினார்.

“இன்னொருவாட்டி ஊத்து தம்பி. கை நடுங்காம ஊத்து.”

இதுவரை இரண்டாம் முறை கேட்டதில்லை. ஏதாவது சொல்லிக் கிண்டல் பண்ணலாம் என்று வாயைத் திறந்தேன். தார்ப்பாயில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் என் தலையில் இறங்கியது. கஞ்சியில் ஒரு சொட்டும் விழவில்லை. குண்டானில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து வேட்டி மாற்றினேன்.