தறிச் சத்தத்தில் நீ பேசியது

ஏட்டி,

இன்று காலை ஸ்டுடியோவுக்கு ஒரு பார்சல் வந்தது. கல்யாண வீடியோக்களுக்குச் சத்தம் பதிய முதலாளி வாங்கிய புது ரெக்கார்டர். உறையைப் பிரித்து, பேட்டரி போட்டு, சிவப்புப் பொத்தானை ஒரு முறை அமுக்கினேன். விளக்கு மினுக்கத் தொடங்கியது. கையை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "என்ன, பேயக் கண்ட மாதிரி முழிக்கே?" என்று முதலாளி கேட்டார். ஒன்றுமில்லை அண்ணாச்சி என்றேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "அடுத்த வாரம் வந்துருவேன், அதுக்குள்ள எந்தப் படத்தையும் எடுத்துக் கெடுத்து வைக்காத" என்று மெசேஜ் அனுப்பினாய். அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. அப்புறம் பார், எனக்கு வேலை கிடைத்ததே உன் ஊரில்தான். வாசுதேவநல்லூரிலிருந்து தினமும் பஸ் ஏறிச் சங்கரன்கோவிலுக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து உன் தெரு வழியாகப் போனால் ஸ்டுடியோவுக்கு ஐந்தே நிமிடம். நான் சுற்றிக்கொண்டு போவேன். உன் அம்மா எதிரே வந்துவிட்டால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கடைசி வருடம் திருநெல்வேலிக் கல்லூரியில் நமக்கு என்னதான் தெரியும்? இரண்டு பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு கேமரா, ஒரு கால் ஆடுகிற ஸ்டாண்டு, ஒரு ரெக்கார்டர், ஒரு நீளக் கம்பி மைக். நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். கேமரா எனக்கு, சத்தம் உனக்கு. சொல்லிக்கொடுக்க வேண்டியவர் அந்த மாதம் விடுப்பில் இருந்தார். ஃபோனில் வீடியோ பார்த்துத்தான் படித்தோம்.

நான் பயந்து பயந்து தொடுவேன். நீ அப்படி இல்லை. "இத அமுக்குனா என்ன ஆவும்?" என்பதுதான் உன் மந்திரம். பதில் வரும் முன்னே அமுக்கியிருப்பாய். ஒரு பொத்தானை அமுக்கி உலகமே நீலமாகிப் போனது, இன்னொன்றை அமுக்கி மெனு முழுக்க ஜப்பான் மொழிக்கு மாறி அரை நாள் போனது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீயோ, "இதுலயும் ஒரு அழகு இருக்குட்டி" என்று அந்த எழுத்துகளை உட்கார்ந்து ரசித்தாய். ஒரு நோட்டில் ஒவ்வொரு பொத்தானையும் படம் போட்டு, தெரிந்ததற்கு டிக், தெரியாததற்குக் கேள்விக்குறி. கேள்விக்குறிதான் அதிகம்.

கதை உன்னுடையது. உன் தெரு முழுக்க விசைத்தறி. தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லாரும் உதட்டால் பேசுகிறார்கள். சத்தமே இல்லாமல் வாயை நன்றாகத் திறந்து அசைத்தால் பத்தடி தள்ளி நிற்பவர் பதில் சொல்கிறார். நான் முதல் தடவை உன் வீட்டுக்கு வந்தபோது, நீயும் அம்மாவும் தறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வாயசைத்துச் சிரித்துக்கொண்டீர்கள். என்னைப் பற்றித்தான் என்று சந்தேகப்பட்டேன். பிறகு நீயே சொன்னாய்: "இவ வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லுவா, நீ அரிசியக் கூடப் போடும்மான்னேன்." சந்தேகம் சரிதான்.

நாள் முழுக்க உதட்டால் பேசுகிற ஒரு புருஷன் பெண்டாட்டி, கரண்ட் போய்த் தறி நின்றதும் வாய்விட்டுச் சண்டை போடத் தொடங்குகிறார்கள். இதுதான் பன்னிரண்டு நிமிடப் படம். உன் தெரு அண்ணாச்சியும், நாம் அத்தை என்று கூப்பிடுகிற அவர் சம்சாரமுமே நடித்தார்கள். வசனம் எழுதிக் கொடுத்தோம். அண்ணாச்சி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சண்ட போடுததுக்கு எழுதிக் குடுக்கணுமாக்கும்?" என்றார். இரண்டு பேரும் சொந்தச் சரக்கையே எடுத்து விட்டார்கள். முப்பது வருட வழக்கு அத்தனையும் வெளியே வந்தது.

அந்தச் சண்டையைப் பதியத் தெரு அமைதியாக இருக்க வேண்டுமே. மாதம் ஒருநாள் பராமரிப்புக்குக் கரண்ட்டை நிறுத்துவார்கள் அல்லவா, அந்த நாளைப் பிடித்தோம். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை ஒரு தறிகூட ஓடவில்லை. நீ காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கி, விளக்கு மினுக்குவதைப் பார்த்து, "ஓடுது!" என்பாய். நான் "ஆக்ஷன்" என்பேன். ஹெட்ஃபோனில் எல்லாம் துல்லியமாகக் கேட்கிறது என்று கண்ணை மூடி ரசித்தாய். மறுநாள் தறி ஓடுகிற காட்சிகள். அதற்குச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. அதையும் முடித்தோம்.

மூன்றாம் நாள் கல்லூரி லேபில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். படம் வந்தது. ரெக்கார்டர் கார்டில் முதல் நாள் சண்டை ஒரு துளி இல்லை. நாம் பார்த்துப் படித்த வீடியோ வேறு மாடலுடையது. இந்த ரெக்கார்டரில் ஒரு தடவை அமுக்கினால் விளக்கு மினுக்கும், தயார் என்று அர்த்தம். இன்னொரு தடவை அமுக்கி விளக்கு நிலையாக எரிந்தால்தான் பதியும். தயார் நிலையிலும் ஹெட்ஃபோனில் கேட்கும். அன்று முழுவதும் அது தயாராகவே இருந்திருக்கிறது.

படத்தை ஒப்படைக்கப் பத்து நாள்தான் இருந்தது. அடுத்த கரண்ட் நிறுத்தம் ஒரு மாதம் கழித்து. இது இல்லையென்றால் பாஸ் இல்லை. லேபில் வகுப்பே பார்க்க உன்னைப் பிடித்துக் கத்தினேன். "ஒரு பட்டன் அமுக்கத் தெரியல, நீயெல்லாம் எதுக்குட்டி இந்தப் படிப்புக்கு வந்த? தறியே ஓட்ட வேண்டியதுதான?" என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. நீ என்னையே பார்த்துவிட்டு, "தப்பு எம்மேலதாம்ட்டி" என்றாய். அவ்வளவுதான். அப்போது பின்னாலிருந்து யாரோ, "கேமராவுலயே சத்தம் பதியுமே, அத வச்சு ஒப்பேத்தலாம்லா?" என்று கேட்டார்கள். கேமராவின் மெனுவில் சத்தத்தை அணைத்து வைத்திருந்தது நான். தனியாகத்தான் பதிகிறோமே, கார்டில் இடம் மிச்சமாகும் என்று என் மகா புத்தி. அதை முணுமுணுத்தேன். நீ ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லாததற்கும் சேர்த்து உன்மேல்தான் கோபம் வந்தது. என் லட்சணம் அது.

மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. படத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனாய். நான்காம் நாள் காலையில் லேபில் என் மேசைமேல் ஒரு நோட்டை வைத்தாய். பொத்தான் படம் போட்ட அதே நோட்டு. பின்பக்கத்திலிருந்து திருப்பினால், முதல் நாள் எடுத்த ஒவ்வொரு ஷாட்டுக்கும் அண்ணாச்சி என்ன சொன்னார், அத்தை என்ன சொன்னாள், எத்தனையாவது நொடியில் சொன்னாள் என்று வரிவரியாக எழுதியிருந்தது. ஊமைப் படத்தைப் பார்த்து உதட்டை வாசித்திருக்கிறாய். "ரெண்டு எடத்துல அண்ணாச்சி திரும்பிக்கிட்டாவ. அங்கன மட்டும் நாம ஏதாவது திட்டி வச்சுக்கிடலாம்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு பேச்சும் வந்துவிட்டது.

தறி இல்லாத ஒரு வீட்டை ஊருக்கு வெளியே பிடித்து, எதிரொலி வராமலிருக்க ஒரு கட்டிலைச் சுற்றி நெய்த சேலைகளைத் திரை மாதிரித் தொங்கவிட்டு, உள்ளே இரண்டு பேரையும் உட்காரவைத்தோம். விளக்கு நிலையாக எரிகிறதா என்று நீ நான்கு தடவை பார்த்தாய். சேலைக்குள் உட்கார்ந்து அதே சண்டையை இரண்டாம் முறை போட்டதில் அத்தைக்கு நிஜமாகவே கோபம் வந்து, அன்று அண்ணாச்சிக்குக் காபி கிடைக்கவில்லை. லேபுக்கு வந்து அந்தச் சத்தத்தைப் படத்தின்மேல் பொருத்தினோம். டைம்லைனில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துவது எப்படி என்று அன்றுதான் இரண்டு பேருக்கும் புரிந்தது. உதடு எங்கே ஒட்டிப் பிரிகிறதோ அங்கே முதலில் சத்தத்தைக் கொண்டுவந்து வை, மற்றதெல்லாம் தானாக உட்காரும் என்று நீ சொன்னாய். இன்றைக்கும் நான் அப்படித்தான் செய்கிறேன். பாஸும் ஆனோம்.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. இனி நீ அறியாதது.

நீ போன பிறகு அந்தப் பழைய ஹார்ட் டிஸ்கைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் நாள் எடுத்ததில், படத்தில் சேர்க்காத ஒரு கிளிப் இருந்தது. பத்தொன்பது நொடி. ஃபோகஸ் சரிபார்க்க உன்னைத் தறியருகே நிறுத்தியிருக்கிறேன். உன் பின்னால் தறி ஓடுகிறது. நீ கேமராவைப் பார்த்து வாயசைத்து ஏதோ பேசுகிறாய். நடுவில் நிறுத்தி, காத்திருந்து, கடைசியில் தலையை ஆட்டுகிறாய். சத்தம் கிடையாது, அதைத்தான் நான் புண்ணியவதி அணைத்து வைத்திருந்தேனே. நீ அசைந்து பேசுகிற வீடியோ என்னிடம் அது ஒன்றுதான். என்னிடம் என்ன சொன்னாய்? எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. உதட்டை வாசிக்கிற மென்பொருள் ஒன்றைத் தேடிப்பிடித்து அதில் போட்டேன். 'வாழைப்பழம் வாங்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தது. கண்டிப்பாக அது இல்லை என்று எனக்குத் தெரியும். நீ வாழைப்பழம் தின்ன மாட்டாய்.

வாசித்துச் சொல்ல நான் கேட்கக்கூடிய ஒரே ஆள், உன் அம்மா, ஐந்து நிமிட நடையில் இருந்தாள். இன்று அந்த விளக்கைப் பார்த்த பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன்.

அம்மா தறியில் நின்றாள். என்னைப் பார்த்ததும் வாயசைத்து ஏதோ கேட்டாள். திருதிருவென்று முழித்தேன். தறியை நிறுத்திவிட்டு, "வழி மறந்து போச்சோன்னு கேட்டேன்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சரி சரி, உள்ள வா" என்றாள்.

கிளிப்பை ஓட்டினேன். முதல் தடவை அம்மா எதையும் வாசிக்கவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு மட்டம் போடு" என்றாள். இரண்டாம் தடவை உன் உதட்டோடு சேர்ந்தே அவள் வாயும் அசைந்தது.

"ஒங்கிட்ட இல்ல மக்கா, எங்கிட்டல்லா பேசுதா. நான் ஒனக்குப் பின்னாலதான நின்னேன்" என்றாள். பிறகு ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்:

"'அம்மா, நேத்துச் சத்தம் ஒண்ணுமே பதியல. காலையிலதான் பாத்தேன். தப்பு எம்மேலதான். அவகிட்ட இப்பம் சொல்லிராத, சொன்னா கேமராவ வச்சுட்டு அழுதுருவா. இன்னைக்கு உள்ளத எடுத்து முடிக்கட்டும். படத்தப் பாத்து வாய வாசிச்சு எழுதிருவோமா? நீயும் கூட இருப்பியா?' நான் இருக்கேன், தைரியமாயிருன்னேன். அதுக்குத்தான் தலைய ஆட்டுதா பாரு."

அந்தத் தலையாட்டலை இரண்டு வருடமாக எனக்கென்று வைத்திருந்தேன்.

லேபில் நான் கத்துவதற்கு முந்தின நாளே உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வழியும் தெரிந்திருக்கிறது. சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். "அம்மா, நான் அவள எல்லார் முன்னாலயும் ரொம்பப் பேசிட்டேன்" என்றேன். "தெரியும். வந்து சொன்னாளே" என்றாள் அம்மா. "தறியே ஓட்டுன்னாளாம்னு சொன்னா. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டுன்னேன். இவ சிரிக்கா. 'அவளுக்குக் கோவம் வந்தாத்தான் வேலை ஓடும், விடும்மா. இப்பம் தறி ஓட்டுதவதான வாய வாசிக்கா'ன்னா. மூணு நாளும் ரெண்டு பேரும் தறி முடிச்சு உக்காந்து எழுதுனோம்." நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பிறகு தறியைப் போடப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள், உதட்டை வாசிக்கக் கற்றுத்தருகிறாளாம். உன் அளவுக்கு வராது. ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது போலிருக்கிறது, அந்தப் பித்தை நீதான் எனக்கு ஒட்டவைத்துவிட்டுப் போனாய்.

சாயங்காலம் வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. நோட்டைக் கண்டு சிரித்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். பஸ் நிறைய ஆட்கள். யாருக்கும் கேட்காமல், உன் தெருவில் பேசுகிற மாதிரி வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகச் சொன்னேன்.

தப்பு எம்மேலயும்தாம்ட்டி.