வெட்டப்பட்ட உங்கள் பேச்சு

என் அருமை அக்கா,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். தொலைக்காட்சிப் படத்தில் என் முகம் வரவில்லை என்ற ஆத்திரத்தில் நான் சேனலுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதுவதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. நான் அதில் நடிக்கவே இல்லை. நடித்தது நீங்கள். படம் வெளிவருவதற்குள் போய்ச்சேர்ந்துவிட்டீர்கள்.

வெம்பக்கோட்டையில் தோண்டியெடுத்த சங்கு வளையல்களைப் பற்றிய அந்தப் படத்தைப் போன வாரம் போட்டார்கள். பழங்காலப் பெண்ணாக உங்களைக் கண்ணாடி பார்க்கச் சொன்னார்களே, அது மட்டும் வருகிறது. பின்னணியில் ஓர் ஆண் குரல், அக்காலப் பெண்கள் அலங்காரப் பிரியைகள் என்கிறது. அடுத்த காட்சியில் ஆண்கள் சங்கு அறுக்கிறார்கள்.

படம் பிடித்த அன்று நீங்கள் சும்மாவா இருந்தீர்கள்?

“ஏந்தம்பி, எந்நேரமும் கண்ணாடியவே பாத்துக்கிட்டு இருந்தா வளையல அறுத்தது யாரு? எங்க பட்டாசுக் கம்பெனிக்கு வந்து பாருங்க. திரி வைக்கிறது, பெட்டி ஒட்டுறது, லோடு அனுப்புறது அம்புட்டும் பொம்பளைகதான். பெட்டி மேல ஒட்டுன படத்துலதான் ஒருத்தி சும்மா சிரிச்சுக்கிட்டு நிப்பா!”

இயக்குநர் சிரித்துவிட்டார். “பேசுங்க பாட்டி, கேமரா ஓடுது” என்றார்.

“யாருக்குய்யா பாட்டி?” என்று அதட்டிவிட்டு, வெயில் சாயும்வரை பேசினீர்கள். அதில் ஒரு சொல்கூடப் படத்தில் இல்லை.

பெண்கள்தான் வளையல் செய்தார்கள் என்று நான் வாதாடவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லத்தான் கான்வென்டில் எனக்குக் கற்பித்தார்கள். அறுத்து எறிந்த சங்குத் துண்டைப் பார்த்து, அறுத்தது ஆணின் கை என்று இவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். அவர்கள் இருவரும் போனபின் நமக்கு நாமே துணை. பிள்ளைகள் குரல் பதிவு அனுப்பச் சொன்னால் போனை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவீர்கள். அதனால் உங்கள் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

பட்டாசு சீசன் தொடங்கிவிட்டது; தெருவில் லாரிச் சத்தம் ஓயவில்லை. வீட்டுக்குள்தான் சத்தமே இல்லை. நேற்று டிவியில் இன்னொரு சரித்திரப் படம். பொறுக்காமல் ஏதோ சொன்னேன். “ஏட்டி, அவனுக்குக் கேக்கவா போகுது?” என்று சொல்ல நீங்கள் இல்லை. அணைத்துவிட்டேன்.

உங்கள் பேச்சு கிடைக்கும்வரை விடமாட்டேன், அக்கா. இது சத்தியம்.

இதன் நகல் சேனலுக்கும் போகிறது. படம் எடுத்தவர்களிடமும் இங்கேயே கேட்டுவிடுகிறேன்: அன்று பதிவான அவர் பேச்சு உங்களிடம் இருக்கிறதா, அழித்துவிட்டீர்களா? எதுவானாலும் எழுத்தில் பதில் தாருங்கள்.

உங்கள் ஓரகத்தி,
விருதுநகர்