கண்ணை மூடிக்கொண்டு கண்ட வைத்தியம்

இன்று சுபஹு தொழுத கையோடு மூக்கில் ஊற்றுகிற நசியத் தைலப் போத்தலைச் சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் இறக்கி வைத்தேன். மூடியைத் திறந்ததுதான் தாமதம், எள்ளெண்ணெயும் ஏதோ வேரும் கலந்த அந்த வாசம் குசினி முழுக்கப் பரவிவிட்டது. போத்தல் காரைதீவில் நாட்டு வைத்தியம் பார்க்கிற பரிசாரியாரிடம் புதிதாக வாங்கியது. நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு அந்தப் பக்கம் நான் போனதே இப்போதுதான்.

எனக்காக இல்லை, புள்ள. நம் மகளுக்காக. அழகில் உன்னைக் கொண்டவள், மூக்கில் மட்டும் என்னைக் கொண்டுவிட்டாள். விடிந்தால் தும்மல், கண்ணில் நீர், அடைப்பு. உயர்தரச் சோதனை வேறு நெருங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் குளிசை போட்டால் தும்மல் நிற்கிறது, ஆனால் புத்தகத்தின் மேலேயே தூங்கி விழுகிறாள். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். ஆவி பிடிக்க வைத்தேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில், உங்களுக்கு உம்மா ஊற்றின எண்ணெயை எனக்கும் ஊற்றுங்கள் என்று அவளே கேட்டுவிட்டாள்.

ஊற்றத் தெரிந்தால்தானே!

நெல்லு மில்லில் உமித் தூசியைக் குடித்துவிட்டு வந்து அடுக்கடுக்காகத் தும்முவேன். ஒவ்வொன்றுக்கும் "அல்ஹம்துலில்லாஹ்" என்பேன். நீயும் முறை தவறாமல் "யர்ஹமுகல்லாஹ்" என்று எனக்கு அல்லாஹ்வின் அருளைக் கேட்பாய். தும்மல் நில்லாமல் போனால் உனக்குச் சிரிப்பு வந்துவிடும். "அல்லாஹ் ரஹ்மத்துச் செய்வான். இனிக் கொஞ்சம் பரிசாரியாரும் செய்யட்டும், வந்து படுங்க." மடியில் தலையைச் சாய்த்ததும் அடுத்த கட்டளை: "கண்ண மூடுங்க. நான் சொல்லுமட்டும் தொறக்கப்படா."

மூடிக்கொள்வேன். எத்தனை வருடம் அப்படிக் கிடந்திருப்பேன்! எண்ணெய் உள்ளே இறங்குகிற சூடு தெரியும், தொண்டைக் கசப்புத் தெரியும், பிறகு மூச்சு வழிவிடுகிற சுகமும் தெரியும். உன் கை வெளியே என்ன செய்தது என்பது மட்டும் தெரியாது.

இன்று மகளைப் படுக்க வைத்து ஊற்றினேன். என் கை நடுக்கம் உனக்குத் தெரியும்தானே. முதல் சொட்டே அவள் கண்ணுக்குள் போய் விழுந்தது. பிள்ளை கோபப்படவில்லை. கண்ணைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, "நீங்க படுங்க வாப்பா. உம்மா எப்பிடி ஊத்துவாண்டு சொல்லுங்க, நான் பழகுறன்" என்றாள்.

படுத்தேன். கண்ணை மூடியதும் எல்லாம் தானாக வந்தது. இடது கை நெற்றியில், இல்லை மகள், இன்னும் கொஞ்சம் மேலே, பெருவிரலால் மூக்கு நுனியைத் தூக்கு, மெதுவாக விடு என்று சொல்லிக்கொண்டே போனேன். அவளும் அப்படியே செய்தாள். நெற்றியில் இருந்தது உன் கைதான். என் மூக்குத் திறந்துவிட்டது. நான் அழுதுவிட்டேன், புள்ள.

பிறகு அவள் படுத்தாள். நடுங்காமல் இருக்க என் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடச் சொன்னேன்.

"மூட ஏலா வாப்பா. பயமாக் கிடக்கு."

மூடவே இல்லை. என் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு படுக்க எனக்கு நீ இருந்தாய். அவளுக்கு நான்தான் இருக்கிறேன்.